மில்லக்காவும் நாலு குழிப் பாலமும்

"கண்ணு என்னா பொடனியிலயா இருக்குது? நீயெல்லாம் நல்லா இருப்பியா?"

மில்லக்கா என்னிடம் பேசிய முதல் வார்த்தை இதுதான். நான் ஓசூருக்கு வேலைக்கு வந்த புதிது. எண்பதுகளின் ஆரம்பம். விருதுநகர்ப் பக்கத்துக்காரன், கோதுமை டின்னைத் தூக்கிக்கொண்டு மாவு மில்லுக்குப் போனவனுக்கு வாசலிலேயே இப்படி ஒரு வரவேற்பு. என் வயதுக்கு எவ்வளவு கோபம் வர வேண்டுமோ அவ்வளவும் வந்தது.

"என்னக்கா, வந்ததும் வராததுமா சாபம் விடுறீக?"

"நான் எங்க உட்டேன்? அந்தம்மா உடுது" என்று பக்கத்தில் நின்ற தெலுங்குக் கிழவியைக் கை காட்டினாள். "அவங்க டின்னை நீ காலால தள்ளிட்ட. தானியத்தைக் காலால தொடலாமா? அதான் திட்டுறாங்க. உனக்குப் புரியலையேன்னு சொன்னேன்."

அந்த மில்லில் ஆட்கள் வரிசையில் நிற்பதில்லை. டின்கள்தான் நிற்கும். ஆட்கள் வேப்பமர நிழலில் கதை பேசிக்கொண்டிருப்பார்கள். இது தெரியாமல் வழியில் கிடந்த டின்னை நான் காலால் ஒதுக்கியிருந்தேன். கேழ்வரகு நிறைந்த டின். கிழவியைப் பார்த்துக் கும்பிட்டு, "தெரியாம செஞ்சிட்டேன் ஆத்தா" என்றேன். அக்கா உடனே கிழவியின் பக்கம் திரும்பித் தெலுங்கில், என்னைப் போலவே கும்பிட்டு, என்னைப் போலவே குரலை இறக்கிச் சொன்னாள். கிழவி சிரித்துவிட்டது. எனக்கும் சிரிப்பு வந்தது.

அவளுடைய பெயர் எனக்குத் தெரியும். எழுதப்போவதில்லை. காலனியில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தமிழர்களுக்கு மில்லக்கா, கன்னடக்காரர்களுக்கும் தெலுங்குக்காரர்களுக்கும் மில்லக்கா. அவள் புருஷன் மில் பாய். கிருஷ்ணகிரியிலிருந்து வந்து மில் போட்ட தமிழ் முஸ்லிம் குடும்பம். பிள்ளைகள் இல்லை. மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி அக்காவின் குரல் பெரிதாகிப் போயிருந்தது. வீட்டுக்குள் இரகசியம் பேசினாலும் தெருமுனைக்குக் கேட்கும். இமையெல்லாம் மாவு படிந்திருக்கும். தலையில் போட்ட முக்காடு என்ன நிறம் என்று கடைசி வரை எனக்குத் தெரியவே இல்லை.

எங்கள் காலனி மூக்கண்டப்பள்ளியைத் தாண்டி இருந்தது. மேல்தெருவில் தெலுங்கு பேசுகிறவர்கள், கீழ்த்தெருவில் கன்னடம் பேசுகிறவர்கள். நடுத்தெருவில் என்னைப் போலத் தெற்கேயிருந்து தொழிற்சாலை வேலைக்கு வந்து சேர்ந்தவர்கள். சின்ன வயதுக்காரர்கள் எல்லாவற்றையும் கலந்துகட்டிப் பேசிச் சமாளித்துவிடுவோம். வயதானவர்களுக்கும் வீட்டோடு இருந்த பெண்களுக்கும் அவரவர் பாஷைதான். அவர்கள் எல்லோரும் வந்து நிற்கிற ஒரே இடம் மாவு மில். அங்கே ஒருவர் ஒன்று சொன்னால், கேட்காமலேயே மற்ற இரண்டு பாஷையிலும் அதைச் சொல்வதை அக்கா தன் வேலையாக வைத்துக்கொண்டிருந்தாள். யாரும் அவளுக்குக் கொடுத்த வேலை இல்லை. நாலு பேர் நிற்கிற இடத்தில் ஒருவர் புரியாமல் முழிப்பதைப் பார்த்தால் அவளுக்குப் பொறுக்காது.

சொல்வதிலும் அவளுக்கு ஒரு முறை இருந்தது. "அவர் இப்படிச் சொல்றார்" என்ற பேச்சே கிடையாது. அவராகவே மாறிவிடுவாள். கோபமாகச் சொன்னால் கோபமாக, இழுத்துச் சொன்னால் இழுத்து. ஒரு வார்த்தை கூட்ட மாட்டாள். அதுகூடப் பரவாயில்லை, ஒரு வார்த்தை குறைக்கவும் மாட்டாள். அங்கேதான் வம்பே.

ஒருதரம் மேல்தெருவில் ஒரு பெண்ணைக் கீழ்த்தெருப் பையனுக்குக் கேட்டு வந்தார்கள். பெரியவர்களுக்குப் பாஷை இடித்ததால் அக்காவைக் கூப்பிட்டு நடுவில் உட்காரவைத்தார்கள். பேச்சு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பெண்ணின் தாயார் தன் தங்கையின் காதில், "பையனோட அம்மா காபியை எப்படி உறிஞ்சுறா பாரு, எருமை தண்ணி குடிக்கிற மாதிரி" என்று தெலுங்கில் முணுமுணுத்தாள். அக்கா உடனே பையனின் தாயாரைப் பார்த்துக் கன்னடத்தில், "நீங்க காபி குடிக்கிறது எருமை தண்ணி குடிக்கிற மாதிரி இருக்குது" என்றாள். அந்தக் கல்யாணம் நடக்கவில்லை.

"உங்களுக்கு என்னக்கா வந்துச்சு? அதை விட்டுட்டு மிச்சத்தைச் சொன்னா என்ன?" என்று என் மனைவி தலையில் அடித்துக்கொண்டு கேட்டாள்.

"எதை உடுறது, எதைச் சொல்றதுன்னு நான் யாரும்மா பாக்குறதுக்கு?" என்றாள் அக்கா. "இன்னைக்கு எருமையை உட்டா, நாளைக்கு வேற எதுனா உடுவேன். அப்புறம் நான் சொல்றதை எவன் நம்புவான்?"

என் மனைவிக்கு அவளிடம் பிரியமும் உண்டு, பயமும் உண்டு. மில்லுக்குப் போகும்போது வாயை இறுக்கி மூடிக்கொண்டுதான் போவாள். "நல்ல பொம்பளதான், ஆனா பக்கத்துல நின்னு தும்மக்கூட யோசனையா இருக்கு" என்பாள்.

அந்த அக்காவை நான் முழுசாக நம்பிய நாள் ஒன்று உண்டு. என் மூத்த மகள் பிறந்த நாள். பிரசவம் சிக்கலாகிவிட்டது. பார்த்த டாக்டரம்மா கன்னடக்காரர், வேகவேகமாகப் பேசினார். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அக்கா கூட வந்திருந்தாள். "கொடி சுத்திக்கிச்சு. குழந்தைக்கு மூச்சுத் திணறுது. அறுத்துத்தான் எடுக்கணும். என்னால முடிஞ்சதைச் செய்யறேன், மேல இருக்கறவன் பாத்துக்கணும்" என்று டாக்டரம்மாவாகவே மாறி என் முகத்துக்கு நேரே சொன்னாள். வேறு யாராக இருந்தாலும் கொஞ்சம் மெழுகிச் சொல்லியிருப்பார்கள். கொஞ்ச நேரம் கழித்து அவளே ஓடி வந்து, "பயமில்லே, ரெண்டு உசுரும் நல்லா இருக்குது" என்றாள். ஆறுதலுக்காக ஒரு வார்த்தை சொல்லத் தெரியாதவள் சொன்ன 'பயமில்லே' அது. அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன்.

மில் பாயைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவருக்கும் மூன்று பாஷையும் தெரியும், ஆனால் பேசத்தான் மாட்டார். மெஷினோடுதான் அவருக்குப் பேச்சு. பெல்ட்டைத் தொட்டுப் பார்ப்பார், கல்லுக்குக் காது கொடுப்பார், மாவை விரலில் தேய்த்துப் பார்த்துத் தலையாட்டுவார். "ரெண்டு பேருக்கும் சேத்து ஆண்டவன் ஒரு வாயைக் குடுத்துட்டான், அது என்கிட்ட இருக்குது" என்று அக்கா கேலி செய்வாள். அவர் பதிலுக்குச் சிரிப்பதோடு சரி. நாலு மணி டீ வந்தால் அவளுடைய டம்ளர் ஆறாமல் இருக்க மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் தன்னுடையதைக் குடிப்பார். அவ்வளவு பிரியமான புருஷன் பெண்டாட்டி.

பிற்பாடு அவர்கள் மில்லைச் சூளகிரிக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார்கள். எங்கள் ஓடையில் பாலம் வந்த பிறகு காலனிப் பெண்கள் எதிர்க்கரையில் இருந்த புது மில்லுக்குப் போக ஆரம்பித்தார்கள். அதுதான் காரணம். ஒருதரம் கிருஷ்ணகிரிக்குப் போகிற வழியில் சூளகிரியில் இறங்கிப் பார்த்தேன். சின்ன இடம், பழைய மெஷின். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரிலேயே இருந்தது. கண்டக்டருக்கும் ஒரு கன்னடக் கிழவனுக்கும் நடந்த சண்டையை அக்கா ரோட்டில் நின்று இரண்டு பக்கமும் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். எனக்கு மனசு கனத்துப்போனது.

"அந்தப் பாலத்தால உங்க பொழப்பு போச்சேக்கா" என்றேன்.

"மில்லுதான போச்சு? வாய் இருக்குதில்ல?" என்று சிரித்தாள். பாய் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து எனக்கு ஒரு டீ சொன்னார்.

பாலம் என்று பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் மூன்று தெருவும் போய் முட்டுகிற இடத்தில் ஓர் ஓடை. அதற்கு அந்தக் கரையில் தொழிற்பேட்டை. மழை இல்லாத காலத்தில் கல்லுக்குக் கல் தாண்டிப் போய்விடுவோம். மழை வந்தால் ஹைவே வரை போய்ச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். ஷிப்டுக்கு லேட்டானால் கேட்டிலேயே நிறுத்திவிடுவார்கள், அரை நாள் சம்பளம் போய்விடும். சுற்றப் பயந்து தண்ணீரில் இறங்குகிறவர்கள் வழுக்கி விழுவதும் உண்டு. அதனால் ஒரு சின்னப் பாலம் கேட்டு நடையாய் நடந்தோம். கடைசியில் சர்க்கார் சம்மதித்தது. செலவில் ஒரு பகுதியைக் குடியிருப்பவர்கள் பங்காகக் கட்ட வேண்டும் என்றார்கள். கட்டினோம். சிலர் போனஸைக் கொண்டுவந்து கட்டினார்கள், சிலர் தோட்டை அடகு வைத்துக் கட்டினார்கள். எல்லோர் வீட்டிலும் அந்த வருஷம் தீபாவளி சப்பென்றுதான் போனது.

காண்ட்ராக்டரின் ஆட்கள் வந்து வேலையை ஆரம்பித்தார்கள். ஓடைக்கரையில், சுடுகாட்டை ஒட்டி, ஓடை குறுகுகிற இடத்தில் ஒரு குழி வெட்டினார்கள். சந்தோஷமாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். கொஞ்ச நாளில் அதை அப்படியே விட்டுவிட்டுக் கீழ்த்தெருவுக்கு நேராக ஒரு குழி. அதையும் விட்டுவிட்டு மேல்தெருவுக்கு நேராக ஒன்று. அப்புறம் நடுத்தெருவுக்கு நேராக, மில்லுக்குப் பின்னால் ஒன்று. அதில் ஊற்று கிளம்பி ராத்திரி பகலாய் மோட்டார் போட்டு இறைத்துக்கொண்டே இருந்தார்கள். ஒரு பாலத்துக்கு நாலு குழி. தூண் மட்டும் ஒன்றுகூட எழும்பவில்லை. அந்தச் சமயத்தில்தான் சர்க்கார் ஆபீசிலிருந்து ஆள் வந்தது: எஸ்டிமேட் ரிவைஸ் ஆகிவிட்டது, முதலில் போட்டதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போய்விட்டது, ஆளுக்கு இன்னொரு பங்கு கட்டுங்கள், இல்லையென்றால் வேலை நிற்கும்.

எனக்கு வந்ததே ஆத்திரம். பாக்டரியில் யூனியனில் இருந்து பழகியவன். "கட்ட முடியாது. எதுக்கு எவ்வளவு செலவாச்சுன்னு எல்லார் முன்னாடியும் சொல்லட்டும், அப்புறம் பாக்கலாம்" என்று தெருத்தெருவாகப் போனேன். பெண்கள் உடனே சரி என்றார்கள். விசித்திரம் என்னவென்றால், தெருவுக்குப் பெரியவர்கள்தான் பின்வாங்கினார்கள். மேல்தெரு முனியப்பா என்னைக் கண்டதும் மாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். கீழ்த்தெரு பசப்பா, "சர்க்காரோடு எதுக்கு வம்பு" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார். மில்லில் இந்தப் பேச்சை எடுத்தால் பாய் மோட்டாரைப் போட்டுவிடுவார். அப்புறம் என்ன பேசினாலும் யாருக்குக் கேட்கும்? பயந்தாங்கொள்ளிகள் என்று நினைத்துக்கொண்டேன்.

கணக்குக் கேட்க நாங்கள் கூட்டிய முதல் கூட்டத்துக்கு, பால வேலையைப் பார்க்கிற சர்க்கார் இன்ஜினியர் வரவில்லை. ஓவர்சியர் ஒருவரை அனுப்பினார். ஏன் நாலு குழி என்று கேட்டதற்கு அவர், "அது டெக்னிக்கல் ரீசன்" என்றார். அக்காவுக்கு அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அவரிடமே, "அப்படின்னா என்னாங்க?" என்று கேட்டாள். "டெக்னிக்கல் ரீசன்னா டெக்னிக்கல் ரீசன்தாம்மா." அக்கா திரும்பிக் கன்னடத்திலும் தெலுங்கிலும், "காரணம் இருக்குது, ஆனா உங்களுக்குச் சொல்ல மாட்டேன்" என்றாள். ஜனங்கள் ஹோவென்று கத்தியதில் ஓவர்சியர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஓடிவிட்டார்.

வேலை நின்றது. மழை பிடித்துக்கொண்டது. மேல்தெருப் பெண் ஒருத்தி ஷிப்டுக்குப் போகிற அவசரத்தில் ஓடையில் இறங்கி, வெட்டிப்போட்ட குழி தண்ணீருக்குள் மறைந்திருப்பது தெரியாமல் கால் வைத்துவிட்டாள். பக்கத்தில் ஆள் இருந்ததால் பிழைத்தாள், கை முறிந்தது. அன்றைக்கு மூன்று தெருப் பெண்களும் ஆபீசுக்கே போய் வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான், வருகிற ஞாயிற்றுக்கிழமை நானே வருகிறேன் என்றார் இன்ஜினியர்.

ஞாயிறு காலை நல்ல வெயில். மில்லுக்குப் பின்னால், நாலாவது குழிக்குப் பக்கத்தில் காலனி முழுக்க உட்கார்ந்திருந்தது. இன்ஜினியருக்கு ஒரு நாற்காலி. அக்கா ஜல்லிக் குவியல்மேல் ஏறி நின்றாள், எல்லோருக்கும் தெரிய வேண்டுமே. முன்னால் முனியப்பாவும் பசப்பாவும் மில் பாயும். இன்ஜினியர் சேலத்துக்காரர், கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். களைத்துப்போன முகம். சாந்தமாகத்தான் பேசினார்.

"சார், ரெண்டு மடங்குக்கு மேல ஏன் போச்சு?" என்று நான் கேட்டேன்.

"நாலு எடத்துல குழி வெட்டினோமே."

"ஏன் வெட்டினீங்க?"

அவர் முன்வரிசையை ஒரு பார்வை பார்த்தார். "அதை இங்க சொல்லணுமா? சொன்னா உங்களுக்குள்ளதான் சண்டை வரும். பேசாம பங்கைக் கட்டிட்டீங்கன்னா வேலை நடக்கும்."

அக்கா அதையும் அப்படியே, அதே சாந்தத்தோடு சொன்னாள். பெண்கள் பக்கத்திலிருந்து மூன்று பாஷையிலும் ஒரே சத்தம்: சொல்லு, சொல்லு.

"நீங்க கேட்டுத்தான் வெட்டினோம்" என்றார் இன்ஜினியர். "மொத குழி சர்வேயில குறிச்ச எடம். அப்புறம் பசப்பா வந்து, சுடுகாட்டுப் பக்கம் வேணாம், பொம்பளைங்க பயப்படுவாங்க, எங்க தெருவுக்கு நேரா வைங்கன்னார். பின்னாலயே முனியப்பா வந்து, மேல்தெருவுக்கு வைங்கன்னார். அங்க பாறை."

அக்கா துண்டு துண்டாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். கூட்டம் அந்த இரண்டு பேரையும் பார்த்தது. இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள்.

இன்ஜினியர் குரலை இறக்கினார். "கடைசியா நடுத்தெருவுல இருந்து ஒருத்தர் வந்தார். மில்லுக்கு நேரா பாலம் வந்தா நல்லதுன்னு கேட்டார். இங்க ஊத்து. தண்ணி எறைச்ச செலவுதான் எல்லாத்தையும்விட ஜாஸ்தி. கேட்டது மில் பாய்."

முன்னால் இருந்த எங்கள் நாலைந்து பேருக்குத்தான் அது கேட்டது. பின்னால் யாருக்கும் எட்டவில்லை. அவர்கள் வழக்கம்போல அக்காவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பாய் போய்க் கேட்டது அக்காவுக்கு அதுவரை தெரியாது. அந்த முகத்தைப் பார்த்தவர்கள் யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள். ஒரு வார்த்தையை விழுங்கினால் போதும், மில்லுக்கு நேராகப் பாலம் வந்தாலும் வரலாம். சொன்னால் அதோடு சரி. எதிர்க்கரையில் புது மில் வந்துவிட்டது என்பதும், பாலம் இந்த மில்லை ஒட்டி வந்தால் போகிறவர்கள் டின்னை இங்கேயே வைத்துவிட்டுப் போவார்கள், வேறு பக்கம் போனால் இந்த மில் படுத்துவிடும் என்பதும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். நான்தானே இத்தனை பேரையும் திரட்டி உட்காரவைத்தவன். "அக்கா, அதை மட்டும் விட்டுருங்க" என்று அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. பாயைப் பார்த்தாள். அவர் முழங்கையில் ஒட்டியிருந்த மாவைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் அவள் முகத்தைத் தூக்கி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கன்னடத்தில் சொன்னாள், தெலுங்கில் சொன்னாள். என் புருஷன் என்று சொல்லவில்லை. இன்ஜினியர் சொன்ன மாதிரியே, கேட்டது மில் பாய் என்றாள்.

யாரோ ஒரு பெண், "போதும்க்கா, எறங்கி வா" என்றாள்.

"எப்படிப் போதும்? அவர் பதில் சொல்ல வேணாமா? அதையும் கேட்டுக்கங்க" என்றாள் அக்கா. பாயைப் பார்த்து, "சொல்லுங்க, நான் சொல்றேன்" என்றாள்.

பாய் எழுந்தார். இத்தனை வருஷத்தில் அவர் நாலு பேர் முன்னால் பேசி நான் பார்த்ததில்லை. "ஆமா, நான்தான் போய்க் கேட்டேன்" என்றார். "பாலம் அந்தப் பக்கம் போனா மில்லு என்னாவறதுன்னு பயந்துட்டேன். இவளுக்குத் தெரியாது. சொன்னா ஊருக்கே சொல்லிடுவான்னு சொல்லலை."

அக்கா கன்னடத்தில் ஆரம்பித்தாள். "ஹௌது, நானே ஹோகி கேளிதே." ஆமாம், நான்தான் போய்க் கேட்டேன். அவருடைய தாழ்ந்த குரலிலேயே, மில் என்னாவது என்ற பயத்தையும், இவளுக்குத் தெரியாது, சொன்னால் ஊருக்கே சொல்லிவிடுவாள் என்பதையும் சொல்லி முடித்தாள். தெலுங்குக்காரர்கள் பக்கம் திரும்பினாள். "அவுனு, நேனே..." என்றாள். அதற்குமேல் வரவில்லை. மெஷின் சத்தத்தையே அடக்குகிற குரல் அப்படியே நின்றுவிட்டது. ஜல்லிக் குவியலிலேயே உட்கார்ந்து முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

பாய் குவியல்மேல் ஏறினார். அவளுக்குப் பக்கத்தில் நின்று, விட்ட இடத்திலிருந்து தெலுங்கில் அவரே சொல்லி முடித்தார்.

முனியப்பா எழுந்துவிட்டார். "நானும் போனேன். யாருக்கும் தெரியாம கேட்டேன்" என்று தெலுங்கில் சொன்னார். பாய் அதைத் தமிழிலும் கன்னடத்திலும் சொன்னார். பசப்பா எழுந்து, நான்தான் முதலில் இதை ஆரம்பித்துவைத்தவன் என்றார். அதையும் பாய் சொன்னார். தடுமாறித்தான் சொன்னார், பழக்கமில்லையே. எனக்கு அப்போதுதான் உறைத்தது. இவர்கள் மூன்று பேரும் சர்க்காருக்குப் பயந்து வாயை மூடவில்லை. கணக்குக் கேட்டால் தன் பெயர் வெளியே வந்துவிடும் என்று ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பயந்திருக்கிறார்கள். இன்ஜினியரும் அந்தத் தைரியத்தில்தான் அவ்வளவு சாந்தமாக உட்கார்ந்திருந்திருக்கிறார். இப்போது அவர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சார்" என்றார் பாய். "மூணு குழி வெட்டச் சொன்னது நாங்க. அது எங்க தப்பு. மொத குறிச்ச எடத்துலயே பாலத்தைக் கட்டுங்க. ஆனா குழி வெட்டுனதுக்கா ரெண்டு மடங்கு? மிச்சத்துக்குச் சொல்லுங்க."

"ஆபீஸ்ல போய்ப் பாத்துட்டு..."

பாய் அதைத் திரும்பி மற்ற இரண்டு பாஷையிலும் சொன்னார். யாரும் எழுந்திருக்கவில்லை. கைக்குக் கட்டுப் போட்டிருந்த மேல்தெருப் பெண் முன்னால் வந்து நாற்காலிக்கு நேரே உட்கார்ந்தாள். இன்ஜினியர் அந்தக் கட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க வந்த கம்பி, சிமெண்ட்ல பாதியைக் காண்ட்ராக்டர் வேற வேலைக்கு எடுத்துட்டுப் போயிட்டார்" என்றார் கடைசியில். "செலவை இதுல எழுதிட்டார். எனக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சும் வாயைத் திறக்கலை. என் தப்புதான். அவர்கிட்டயே வசூல் பண்றேன், நீங்க இனி பங்கு கட்ட வேணாம்."

தமிழ் தெரிந்தவர்கள் கைதட்ட ஆரம்பித்துவிட்டார்கள். பாய் சந்தோஷத்தில் அவசர அவசரமாக, கம்பியைத் தூக்கிப்போனது காண்ட்ராக்டர், இனி நீங்கள் பங்கு கட்ட வேண்டாம் என்று இரண்டு பாஷையிலும் சொன்னார். ஒரே விசில், ஒரே ஆரவாரம். என் மனைவி என் தோளைப் பிடித்து உலுக்கினாள். இன்ஜினியர் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார்.

"ஒண்ணை உட்டுட்டீங்களே."

முக்காட்டுக்குள்ளிருந்து அக்காவின் குரல். கரகரத்துப் போயிருந்தது. பாய் குனிந்து பார்த்தார்.

"தெரிஞ்சும் வாயைத் திறக்கலை, என் தப்புதான்னு சொன்னாரே. அதைச் சொல்லுங்க."

"பாவம், அந்த மனுஷன்..." என்றார் பாய் மெதுவாக.

"பாவம்தான். இருந்தாலும் சொல்லுங்க. அதைக் கேக்கத்தான இத்தினி பேர் வெயில்ல உக்காந்திருக்கோம்?"

பாய் நிமிர்ந்து கீழ்த்தெருக்காரர்களைப் பார்த்தார். இன்ஜினியரின் குரலில், தலையைக் குனிந்து, "தெரிஞ்சும் வாயைத் திறக்கலை" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு, "தப்பு நந்தே" என்றார். மேல்தெருக்காரர்கள் பக்கம் திரும்பித் தெலுங்கில் அதையே சொல்லி, "தப்பு நாதே" என்றார்.

அக்கா முக்காட்டை விலக்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி" என்றாள். "பாலம் எப்போ முடியும்னு கேளுங்க."